பூலோகம் போட்ட குழாய்

"மேடையில ஏறி நின்னு முழிக்கப் போறீய. உங்களுக்கு நெசமாவே இந்தி தெரியுமா?" என்று கேட்டாள் முருகம்மாள்.

"குர்லா பட்டறையில இத்தனை வருசமா எந்தப் பாஷையில பேசுதேனாம்?" என்றான் அவள் புருஷன் பூலோகம், சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி.

"கித்னா, சலோ, ஜல்தி. அம்புட்டுத்தானே?"

பூலோகம் அவசரமாகச் சீப்பை எடுத்துத் தலையை வாரினான். அம்புட்டுத்தான்.

ரேடியோவில் இந்தியில் பேட்டி நடத்தும் ரோஷன், அறுபத்தேழாம் வருஷத்துப் பார்லிமெண்ட் தேர்தலில் நிற்கிறார். அந்தக் குரல் என்றால் பம்பாய்க்கே கிறுக்கு. ஆளைப் பார்த்தவர்கள்தான் குறைவு. இன்று தாராவிக்கு வருகிறார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று கட்சிக்காரர் இனாயத்துல்லா கேட்டபோது, வாய் சும்மா இருக்காமல், "நான் இருக்கேன்லா" என்று சொல்லிவிட்டான் பூலோகம்.

"என்னமும் பண்ணுங்க. நம்ம சந்துக்கு ஒரு குழாய் மட்டும் எப்பிடியாவது கேட்டு வாங்கிருங்க," என்றாள் முருகம்மாள்.

தண்ணீருக்கு ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் போக வேண்டும். போன மாதம் அங்கேதான் கால் இடறி விழுந்து, குடமும் நசுங்கி, ஒரு வாரம் படுத்துக் கிடந்தாள். அதிலிருந்து ரயில் சத்தம் கேட்டாலே பூலோகம் அவளைத் தேடுவான்.

சாயங்காலம் சந்து முனையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. வெள்ளை ஜிப்பாவில் வந்த ரோஷன் மைக்கைப் பிடித்தார். ஆகா, அதே குரல்! ஆனால் பேசிய இந்தி, குர்லா பட்டறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத இந்தி. 'ராஷ்டிரம்' என்று ஏதோ வந்தது. மற்றதெல்லாம் பூலோகத்தின் தலைக்கு மேலே பறந்தது. ரோஷன் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

முன்வரிசையில் முருகம்மாளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூலோகம் துணிந்துவிட்டான்.

"ஐயா என்ன சொல்லுதாருன்னா... நம்ம தாய்மாரு குடத்தைத் தூக்கிட்டு ரயில் லைனைத் தாண்டுததை நெனச்சா அவருக்கு மனசு பொறுக்கலையாம்!"

கைதட்டலில் தகரக் கூரைகள் அதிர்ந்தன. ரோஷன் ஒரு நிமிஷம் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு இன்னும் நீளமாகப் பேசினார்.

"ஜெயிச்சதும் நம்ம சந்துல குழாய் போட்டுத் தாராராம்!"

விசில் பறந்தது. இந்தி நன்றாகப் புரிந்தவர்களும் கூட்டத்தில் நாலைந்து பேர் இருக்கத்தான் செய்தார்கள். அவர்களுக்கும் குழாய் வேண்டியிருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

முருகம்மாள்தான் விடவில்லை. எழுந்து நின்று, "எப்பம் போடுவாருன்னு கேட்டுச் சொல்லுங்க. ஓட்டு வாங்குன பொறவு இந்தப் பக்கம் யாரு எட்டிப் பாக்கா?" என்றாள்.

பூலோகம் மைக்கைக் கையால் பொத்தினான். சொல்லாத குழாயை எப்போது போடுவீர்கள் என்று அவரிடம் எப்படிக் கேட்பது? ரோஷன் பக்கம் குனிந்து, "சாப், ஆப் கா தபியத் கைசா ஹை, பூச்தா ஹை," என்று சமாளித்தான். உடம்புக்கு சுகமா என்று விசாரிக்கிறாளாம்!

ரோஷன் முருகம்மாளைப் பார்த்துக் கைகூப்பி நிதானமாகப் பதில் சொன்னார். அதில் 'தீவாளி' என்ற ஒரே ஒரு சொல் பூலோகத்துக்குப் பிடிபட்டது. சுகம் விசாரித்ததற்குத் தீபாவளி எதற்கு என்று யோசிக்க நேரமில்லை. கிடைத்தவரை லாபம்.

"தீவாளிக்குள்ள வந்துருமாம்!"

"அப்பம் என் ஓட்டு அவருக்குத்தான்," என்று முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்தாள் முருகம்மாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பூலோகத்துக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்தது. ஜீப்பில் ஏறிய ரோஷன், விரலை அசைத்து அவனைக் கூப்பிட்டார்.

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்! நாலு அடி விழுந்தாலும் பரவாயில்லை, குழாய் மட்டும் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று ஊர்ச்சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டு பக்கத்தில் போனான்.

"சாப்... மாஃப் கரோ..." என்று மன்னிப்புக் கேட்டான்.

ரோஷன் அவன் தோளில் கையைப் போட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வானமாமலைங்கிற பேரு ரேடியோக்காரனுவ வாயில நுழையலன்னுதாம்வே ரோஷன்னு வச்சிக்கிட்டேன், நமக்கு ஊரு நாங்குநேரி. தீவாளிக்குள்ளன்னு நாந்தானே சொன்னேன், குழாய் வந்துரும்... நாளைக்கு அடுத்த சந்துல கூட்டம், அங்கயும் நீரே மொழிபெயர்க்க வந்துரும். அவுகளுக்கு என்ன வேணும்னு எனக்கும் தெரியணும்லா?"