கோர்ட் கலையும்வரை

மரச்சீனிக் கிழங்குச் செடியின் கம்பால் பக்கத்து வீட்டு விஜயம்மையை அடித்த சௌதாமினிக்கு, கோர்ட் கலையும்வரை உள்ளேயே இருக்க வேண்டும் என்று தண்டனை. அதை அவள் பின்பெஞ்சில், ஃபேனுக்கு நேர் கீழே, முந்தானை படபடக்க அனுபவித்துக்கொண்டிருக்கிறாள். விஜயம்மை ஜன்னலுக்கு வெளியே நெய்யாற்றின்கரை வெயிலில் நிற்கிறாள். கேசு ஜெயிக்கவென்று உடுத்திவந்த பட்டுச்சேலை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. பஸ் ஸ்டிரைக் என்பதால் காரோடு கிராமத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில்தான் வந்தார்கள். ஓட்டிவந்தவன் சௌதாமினியின் புருஷன். பெண்டாட்டி வராமல் வண்டியை எடுக்க மாட்டான். மாமர நிழலில், பின்சீட்டில் குறட்டை விடுகிறான். மாஜிஸ்திரேட் சாப்பிடப் போயிருக்கிறார். விஜயம்மை சுடுகிற ஜன்னல் கம்பியைச் சேலைத்தலைப்பால் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். “ஏட்டி, எப்பம் முடியும்?” “சாயங்காலம் ஆவும்க்கா.” தோளில் அடிபட்ட இடம் விஜயம்மைக்கு மறந்தே போய்விட்டது, கால்தான் கடுக்கிறது. “சாரு வந்ததும் நான் மன்னிச்சாச்சுன்னு சொல்லட்டா? உன்னெ விட்டிருவாரு.” சௌதாமினி ஃபேனை அண்ணாந்து பார்க்கிறாள். “வேண்டாம்க்கா. செஞ்சதுக்கு அனுபவிக்காண்டாமா? நீங்களும் உள்ள வந்து இரியுங்க, நல்ல காத்து உண்டு.” விஜயம்மை நிமிர்ந்துகொள்கிறாள். “நான் எதுக்குட்டி உள்ள இருக்கணும்? ஜெயிச்சது நானாக்கும்,” என்கிறாள், தரைச்சூட்டில் கால் மாற்றி நின்றபடி.