காலை முப்பது, மாலை முப்பது

நாற்பத்திரண்டு நாள். நோட்டில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. காலை முப்பது, மாலை முப்பது என்று நீல மையில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக் போட்டிருந்தது.

ஆறு வருஷமாக பிசியோதெரபி பார்க்கும் சுடர்விழி இப்படி ஒரு நோயாளியைக் கண்டதில்லை. மற்றவர்கள் மூன்றாம் நாளே மூச்சுப் பயிற்சிக் கருவியை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துபோவார்கள்.

"சூப்பர் ஐயா," என்றாள்.

ஆதிமூலம் தலையை மட்டும் ஆட்டினார். மாடி ஏறி வந்த இரைப்பு இன்னும் அடங்கவில்லை.

மூச்சு வாங்குகிறவர்கள் வரும் கிளினிக்கை மூலக்குளத்தில் ஒரு புண்ணியவான் இரண்டாவது மாடியில் வைத்திருந்தார். லிஃப்ட் கிடையாது. முதல் வாரம் புருஷன் பெண்டாட்டி இருவருமே மேலே வந்ததும் பேச முடியாமல் பெஞ்சில் சாய்ந்தார்கள். இப்போது செல்வாம்பாள் பை, தண்ணீர் பாட்டில், ஃபைல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, சாரம் ஸ்டாப்பில் டெம்போ கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டே ஏறி வந்துவிடுகிறாள். ஆதிமூலம் பத்து நிமிஷம் கழித்து வந்து சேர்கிறார்.

அவருக்கு வைரஸ் காய்ச்சல் வந்து நாலு மாதம் ஆகிறது. காய்ச்சல் ஐந்தே நாளில் போய்விட்டது. அதோடு போன மூச்சுதான் இன்னும் வீடு திரும்பவில்லை.

வேலை குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர். முன்பு வேலை பார்த்த மில் மூடிய பிறகு நாயாக அலைந்து பிடித்தது. தொட்டிக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. ஏற முடியும் என்று திங்கட்கிழமைக்குள் சர்டிபிகேட் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகக் கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

முதல் நாள் ஆதிமூலம் வாயைத் திறந்தாலே இருமினார். அதனால் விவரமெல்லாம் செல்வாம்பாளிடம்தான் சொல்லி அனுப்பினாள் சுடர்விழி. உள்ளங்கை அளவு கருவி. வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் லேசில் விடாது. அதைத் திருகி நம்பரை ஏற்ற ஏற்ற இன்னும் கஷ்டம். மூச்சுத் தசைக்கு அதுதான் உடற்பயிற்சி.

வாரம் ஒரு தடவை கிளினிக்கில் அவருடைய விலாவையும் கழுத்தையும் கையால் அழுத்தி, இறுகிக் கிடந்த தசையைத் தளர்த்திவிடுவாள். கருவி விஷயம் மட்டும் போனில்.

"லேசா இருக்கும்மா, ஏத்தட்டுமா?" என்று செல்வாம்பாள் கேட்பாள். சுடர்விழியும் சரி என்பாள். ஒன்றில் ஆரம்பித்தது ஏழுக்கு வந்துவிட்டது.

இன்று சர்டிபிகேட்டுக்காக வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டாள். ஆதிமூலம் நாலு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அளந்து பார்த்தால், முதல் நாள் நடந்த அதே தூரம்தான்.

சுடர்விழி நோட்டை மறுபடி புரட்டினாள். இவ்வளவு ஒழுங்காகச் செய்த மனுஷனுக்கு எந்த வாயால் இல்லை என்று சொல்வது?

"கருவி கொண்டாந்தீங்களா?"

துவைத்த துண்டில் சுற்றி வைத்திருந்ததைச் செல்வாம்பாள் பையிலிருந்து பதமாக எடுத்துக் கொடுத்தாள்.

"ஏழுலதான் இருக்கு. இழுங்கய்யா, பாக்கலாம்."

ஆதிமூலம் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் வைத்தார். கன்னம் ஒட்டியது, கண் பிதுங்கியது, ஸ்பிரிங் அசையவில்லை. சுடர்விழி ஐந்துக்குக் குறைத்தாள். பிறகு மூன்று. கடைசியில் ஒன்று. ஒன்றிலும் இருமல்தான் வந்தது.

"மிஷின் கெட்டுப்போச்சு போல," என்றாள்.

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்குது," என்றாள் செல்வாம்பாள். "காலையிலகூட முப்பதும் முடிச்சாச்சே."

"அப்புறம் ஏன் இங்க வரல? வூட்டுல ஏழுல எப்பிடிய்யா இழுத்தீங்க?"

ஆதிமூலம் பெண்டாட்டியைப் பார்த்தார். செல்வாம்பாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"அவருக்காக வெரதமெல்லாம் நான்தானம்மா இருக்கேன், இதையும் நானே இழுத்துட்டேன்."