கல்யாணப் பீப்பாய்

"குறைஞ்சிருந்தா திருட்டுன்னு போலீஸ்ல சொல்லலாம். இது கூடியிருக்கும்மா, சொலேன்! யாரோ ஊத்தியிருக்காங்க!"

நிலவறையிலிருந்து கத்தினார் அர்மெல். அடிபட்ட காலின் கட்டைப் பிரித்து இன்றுதான் படி இறங்கியிருந்தார். மூன்று வாரமாக யாரும் தொடாத பீப்பாய் இரண்டு விரல்கடையாவது வற்றியிருக்க வேண்டும். தக்கையை எடுத்தால் விளிம்பு வரை தளும்புகிறது.

அதுவும் எந்தப் பீப்பாய்? விற்பனைக்குப் போகிற மஸ்கடே ஒயின் எல்லாம் தொட்டிகளில் கிடக்க, வீட்டில் என்றாவது நடக்கும் கல்யாணத்துக்கென்று வண்டலோடு ஒதுக்கி வைத்த ஒரே பீப்பாய்.

மகள் சொலேன் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "குடிச்சுப் பாத்தீங்களாப்பா? கெட்டுப்போச்சா?"

"நல்லா இருக்கு. அதான் வயித்தெரிச்சல்!" கண்ணாடிக் குழாயில் இன்னும் கொஞ்சம் எடுத்து நாக்கில் உருட்டினார். "கடைசியில லேசா உப்புக் கரிக்குது. நம்ம மண்ணுல இந்த ருசி வராது. இது மேட்டு நிலத்து ஒயின். பக்கத்து வீட்டு யோலாந்தம்மாவோட வேலை!"

"ஓ" என்றாள் சொலேன்.

"என்ன ஓ? அடுத்த வீட்டு ஒயினைக் கல்யாணப் பீப்பாயில ஊத்தினா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாமலா? சம்பந்தம் பேச வாய் வராதவர்கள் அந்த ஊரில் இப்படித்தான் கேட்பார்கள். தக்கையை மூடிவிட்டால் சம்மதம். எடுத்துக் கொட்டிவிட்டால் இல்லை.

"அந்த வீட்டுல இருக்கிற ஒரே ஆம்பளை யோலாந்தோட அக்கா மகன் திபோ. டிராக்டரை நேரா ஓட்டத் தெரியாது. அவனையா நீ…?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. போய் அவங்களையே கேளுங்க."

அர்மெலின் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். சொலேனும் போய்விட்டால் பன்னிரண்டு ஹெக்டேர் திராட்சைத் தோட்டத்தையும் காலி வீட்டையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கொட்டிவிட வேண்டியதுதான். ஆனால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கொட்டுவதுதான் மரியாதை. அப்படியே நொண்டிக்கொண்டு கிளம்பினார்.

மேட்டுத் தோட்டத்தில் யோலாந்து கொடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"கால் தேவலையா அர்மெல்? நேத்து சூப் சூடா வந்துச்சா?"

"வந்துச்சு, நல்லா இருந்துச்சு. அது வேற, இது வேற. என் பீப்பாயில ஊத்தினது உங்க திபோதானே?"

"அவனா? அவன் நாந்த் பட்டணத்துல ஒரு பொண்ணைப் பாத்து, போன மாசமே அங்க போயிட்டானே. ஊத்தினது நான்தான்."

"நீங்களா? அப்ப என் பொண்ணை யாருக்குக் கேக்கறீங்க?"

யோலாந்து கத்தரியை மடக்கிப் பையில் போட்டார். முகம் சிவந்திருந்தது.

"உங்க பொண்ணை யாருங்க கேட்டா? அந்த வீட்டுல ஒத்தையா இருக்கிறது அவ மட்டுமா? நிலவறைச் சாவியைக் கொண்டுவந்து குடுத்ததே அவதான்."

அர்மெல் நொண்ட மறந்து, வீட்டை நோக்கி வேகமாக நடந்தார். அவசரத்தில் தக்கையை மூடாமல் வந்துவிட்டிருந்தார்.