பின்கதவு இருக்கை

"மறுபடியும் பேத்துக்கிச்சு, அக்கா."

திங்கள்கிழமை காலையில் பள்ளிப் பேருந்தைப் வெல்டிங் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, ஓட்டுநர் மகோகா தலையைச் சொறிந்தான். நெலிமா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். எந்த இருக்கை என்று அவள் கேட்கவில்லை. பின்கதவை மறித்தாற்போல் இருக்கும் அதே இருக்கைதான். போன திங்களும் அதுதான், அதற்கு முந்திய திங்களும் அதுதான்.

உள்ளே ஏறி மண்டியிட்டுப் பார்த்தாள். தரையோடு சேர்த்து அவள் பற்றவைத்திருந்த நான்கு கால்களும் விட்டிருந்தன. ரம்பம் பட்ட தடம் இல்லை, சுத்தியல் பட்ட தடமும் இல்லை. ஆடி ஆடித் தளர்ந்து கிழிந்த மாதிரி இருந்தது.

"இதுல யாருடா உக்கார்றாங்க, யானையா?"

"ரெண்டாங்கிளாஸ் பொடிசுங்க அக்கா. ஒரே குதியாட்டம்."

"மத்த சீட்டுல குதிக்கலியா?"

"பின்னாடி உக்கார்றதுங்கதான் வாலுங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"சனி ஞாயிறுல வண்டி எங்க நிக்குது?"

"ஸ்கூல்லதான். வெள்ளிக்கிழமை பூட்டினா திங்கள்தான் திறப்பேன்" என்றவன், டயரை உதைத்துப் பார்க்கப் போய்விட்டான்.

தலைமையாசிரியை நமல்வா வாடகை மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து இறங்கினார். முகம் இறுகியிருந்தது.

"இன்னைக்குக் காலையில இவன் பிரேக் போட்டதும் ஒரு குழந்தை சீட்டோட சறுக்கிட்டுப் போயிருக்கு, நெலிமா. நல்லவேளை, அடி ஒண்ணும் படலை. பொம்பளை பத்தவச்சா இப்படித்தான்னு பெற்றோர் கூட்டத்துல ஒருத்தர் சொன்னப்ப, உனக்காக நான் சண்டை போட்டேன். இனிமே என்னால முடியாது. அடுத்த திங்கள் இது விட்டிருந்தா, ஸ்கூலோட மூணு பஸ்ஸும் ரிப்பேருக்கு சிமியு பட்டறைக்குப் போயிடும்."

"டீச்சர், நான் நல்லாத்தான் போட்டேன்."

"நல்லாப் போட்டது எப்படி விடும்?"

நெலிமா பின்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கேள்வியும் அதுதானே. வண்டியை மறுநாள் எடுத்துக்கொள்ளச் சொல்லி இருவரையும் அனுப்பிவைத்தாள்.

அன்று மாலை அவள் ஊரைச் சுற்றினாள். தேவாலயத்து ஜன்னல் கம்பிகளைப் பிடித்து உலுக்கினாள். சாப்பாட்டுக் கடையில் ஒரு பெஞ்சின் அடியில் குனிந்து காலைத் திருகிப் பார்த்தாள். அதில் உட்கார்ந்து உகாலிக் களி தின்றுகொண்டிருந்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கோழிக்கடைக் கதவை ஆட்டியபோது உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"திருடுறதா இருந்தா கடையைப் பூட்டினப்புறம் வா, நெலிமா. நான் இன்னும் கல்லாவை எடுத்து வைக்கலை."

எல்லாமே அவள் பற்றவைத்தவை. எதுவும் அசையவில்லை. அதில் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்துத்தான் கிளம்பியிருந்தாள். ஆனால் வீடு திரும்பும்போது குழப்பம் இன்னும் கூடியிருந்தது. இவையெல்லாம் முன்பிருந்த கை செய்தவை. இப்போது இருக்கும் கை அதே கைதானா? ஒன்று தனக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தால், அது குறைவது தனக்கே எப்படித் தெரியும்? இருட்டறையில் கண்ணைத் திறந்து வைத்திருப்பவருக்கும் மூடியிருப்பவருக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும்? படுக்கையில் இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, யாருடையவையோ போல அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இருக்கைக் கால்களின் பெயின்டையும் துருவையும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து எடுத்தாள். தடித்த வெல்டிங் ராடு போட்டுப் பற்றவைத்தாள். அதோடு விடாமல் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு வெட்டி முட்டுக்கொடுத்தாள்.

வண்டியை எடுக்க வந்த மகோகா வாயைப் பிளந்தான். "எதுக்கு அக்கா இம்புட்டு? பிள்ளைங்க சீட்டுதானே. லேசா ஒட்டிவிட்டா போதாதா?"

"லேசா ஒட்டிவிட்டேன்னுதான் பேரு கெட்டுக் கிடக்கு. தள்ளு."

அவன் ஒரு தகட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டுநர் இருக்கைக்குப் போனான்.

புதன் போனது, வியாழன் போனது. சாலையில் மஞ்சள் பஸ் கடக்கும்போதெல்லாம் நெலிமா கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பட்டறையைச் சாத்தப் போனவளின் முன்னால் அந்தப் பஸ் வந்து நின்றது. உள்ளே பெண்கள் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். திங்கள்வரைகூடத் தாங்கவில்லையா?

மகோகா வியர்த்து விறுவிறுத்து இறங்கினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அறுக்குற கிரைண்டரை எடுங்க, அக்கா."

"விட்டுடுச்சா?"

"எங்க விட்டுச்சு? நாலு ஆம்பளைங்க மாத்தி மாத்தி ஆட்டியாச்சு. எப்பவும் கொஞ்சம் ஆட்டினாலே கையோட வந்துடும்."

"எப்பவும்னா?"

அவன் பின்பக்கம் கையைக் காட்டினான். பஸ்ஸுக்குப் பின்னால் வந்து நின்ற பிக்கப் வண்டியை நெலிமா அப்போதுதான் கவனித்தாள். அதில் வெள்ளைத் துணி போர்த்திய சவப்பெட்டி ஒன்று இருந்தது. பூட்டியிருப்பதாகச் சொன்ன சனி ஞாயிறுகளில் மகோகா இருக்கையை ஆட்டிப் பெயர்த்து வழிவிட, வாரா வாரம் யாரோ ஒருவர் அந்தப் பின்கதவு வழியாகத்தான் சொந்த ஊர் மண்ணுக்குப் போயிருக்கிறார்.

அழுது வீங்கிய கண்களோடு முன்கதவு வழியாக நமல்வா டீச்சர் இறங்கி வந்தார்.

"எங்க அண்ணன், நெலிமா. இருட்டுறதுக்குள்ள ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கணும்" என்றார். "நீ போட்டது விடவே மாட்டேங்குது."