வீட்டு ஆள் கையெழுத்து

அரசாங்கப் போதைப்பொருள் கடையில் ஒரு விதி உண்டு. வாங்குகிறவரோடு வீட்டு ஆள் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் கதிரேசன் மனைவி மங்கையர்க்கரசியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். இந்தக் கடையே கூடாது என்று தெருத்தெருவாக ஊர்வலம் போனவன், இப்போது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"சீக்கிரம் போடு. யாராச்சும் பாத்துடப் போறாங்க."

அவள் பேனாவைத் திறக்கவில்லை. இந்தக் கடை வருவதற்கு முன்பு, அவள் தம்பி சந்தில் வாங்கிய பொட்டலத்தில் எலி மருந்து கலந்திருந்தது. செத்தவன் பாடை கிளம்புவதற்குள், "ஒழிஞ்சது சனியன்" என்று சொன்ன வாய் கதிரேசனுடையது.

"சந்துல வாங்கிக்கோங்களேன். ஊர்வலம் போனதுக்காவது மரியாதையா இருக்கும்."

"அங்க என்னத்தக் கலக்குறானுங்களோ. செத்துப் போயிருவேன்டி."

"இப்பத்தான் தெரியுதாக்கும்."

அவன் துண்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டான். அவள் அலட்சியமாகக் கையெழுத்தைக் கிறுக்கிப் படிவத்தைத் தள்ளினாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அதைத் திருப்பித் தந்தாள்.

"இவர் உங்களுக்கு என்ன உறவுன்னு எழுதலையேக்கா."

மங்கை பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்தபடி கணவனை மேலும் கீழும் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.