வாயில்லா வண்டி

சகாயத்தின் வண்டி, ஊரிலுள்ள எல்லா வண்டிகளையும் போல, வாசலுக்கு வந்ததுமே போய்வந்த இடத்தை வாய்விட்டுச் சொல்லி அவரைப் போட்டுக்கொடுத்துவிடும்: “பரோட்டாக் கடை. அரை மணி நேரம்.” மருத்துவர் பரோட்டாவைத் தடுத்திருந்தார். மனைவி பிலோமினா கரண்டியோடு காத்திருப்பாள்.

அதனால் காயலான் கடையிலிருந்து, பேசத் தெரியாத பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவந்து, வீட்டிலேயே பிரித்துப்போட்டுச் சரிசெய்தார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததெல்லாம் பிலோமினாதான்.

ஒரு ஞாயிறன்று வண்டி உயிர்பெற்றது. கைக் கிரீஸைக் கழுவ உள்ளே போனவர், அதை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டு ஓடிவந்தார். வாசலில் புகை மட்டும் நின்றது.

பொழுது சாய்ந்துதான் பிலோமினா திரும்பினாள். தலையில் புதுப் பூ, உதட்டோரம் சால்னா.

“எங்கடி போயிட்டு வார?”

“வண்டிகிட்டயே கேளுங்களேன்.”