ஆள் ஓட்டும் டாக்சி

"தானா ஓடுத கார்ல நான் ஏற மாட்டேன். ஓட்டுததுக்கு ஆள் வேணும்" என்று ஓமனா பிடிவாதம் பிடித்ததால், டாக்சி கம்பெனி காக்கிச் சட்டை போட்ட ஷைஜுவை அனுப்பியது.

காஞ்சிரங்குளத்திலிருந்து நெய்யாற்றின்கரை வரை ஒரு குலுக்கல் இல்லை. ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்தபோதும் கார் பூப்போல நின்றது.

"மெஷினுக்கு ஆட்டுக்குட்டியத் தெரியுமா மக்கா? இதுக்கு மனுசன் வேணுமாக்கும்!"

ஷைஜு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அடக்கமாகச் சிரித்தான்.

"சனிக்கிழம ஏர்போர்ட்டுக்கும் நீதான் வரணும். வேற யாரையும் நம்ப மாட்டேன்."

"வாறேன் மாமி."

ஓமனா இறங்கிப் போனதும் ஷைஜுவின் மனைவி ஷிஜா போனில் வந்தாள்.

"காலைல கம்பெனி வச்ச டிரைவிங் டெஸ்ட் என்னாச்சு?"

"தோத்துட்டேன்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! அப்போ வேல போவாது?"

"போவாது. மேனேஜர் கட்டிப் பிடிச்சு பாராட்டினாரு. ஓட்டத் தெரிஞ்சவன இந்த சீட்டுல வச்சா, சும்மா இருக்காம ஸ்டியரிங்கத் திருப்பிருவானாம்."

சட்டென்று ஷைஜு சீட் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"வச்சிரு ஷிஜா. வண்டி எங்கயோ பொறப்பட்டுட்டு. போய்ச் சேந்த பொறவு விளிக்கேன்."